விளக்கு ஓரிடம், கோளாறு வேறிடம்
பிளேடு சர்வர் பழுதுகள்: வாசகர் கேள்வி – பதில்

ஒரே பெட்டிக்குள் பலகை பலகையாகச் செருகும் பிளேடு சர்வர் பற்றி வேலூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துக் கொடுக்கிறோம். கேட்டவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது 16 பிளேடு கொள்ளும் எச்.பி. சி7000 சேஸி, அதாவது பிளேடுகளைச் செருகும் பெட்டி. அதனால் எண்களை அதற்கே சொல்கிறோம். வேறு சேஸி வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் தங்கள் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழுதைத் தேடும் முறை மாறாது.

கேள்வி: எங்கள் கல்லூரி லேபுக்குப் பழைய சி7000 ஒன்றை வாங்கினோம். 5-ஆம் ஸ்லாட்டில் இருக்கும் பிளேடு மட்டும் ஆன் ஆகவில்லை. பார்க்க வந்த டெக்னீஷியன் "மிட்பிளேன் போயிடுச்சு, மாத்தணும்" என்கிறார். மாற்றிவிடலாமா?
— வாசகர், காட்பாடி

பதில்: வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். முன்னாலிருக்கும் பிளேடுகளுக்கும் பின்னாலிருக்கும் சுவிட்சுகளுக்கும் நடுவில் நிற்கும் பலகைதான் மிட்பிளேன். அதில் சூடாகும் சிப்பும் இல்லை, சுழலும் ஃபேனும் இல்லை. செப்புத் தடங்களும் கனெக்டர்களும்தான். அது தானாகக் கெடுவது அபூர்வம். பிளேடைக் கோணலாகத் தள்ளி யாராவது கெடுத்தால்தான் உண்டு.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கோளாறு பிளேடோடு போகிறதா, ஸ்லாட்டோடு நிற்கிறதா? அதைப் பார்ப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது.

சேஸியையே மேற்பார்க்கும் மாட்யூலான ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டரின் லாகைத் திறந்து 5-ஆம் ஸ்லாட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பவர் பற்றாமல் மறுக்கப்பட்டிருந்தால் அது வேறு கதை. அடுத்த கேள்வியில் வருகிறது. அப்படி எதுவும் இல்லையென்றால், கமாண்ட் லைனில் 'ரீசெட் சர்வர் 5' கொடுங்கள். அந்த ஸ்லாட்டுக்குப் போகும் மின்சாரத்தையே ஒரு கணம் அறுத்துவிட்டு மறுபடி கொடுக்கும் கட்டளை இது. கையால் உருவிச் செருகுவதற்குச் சமம். பிளேடுக்குள் இருக்கும் ஐலோ என்ற கண்காணிப்புச் சிப் உறைந்துபோன பாதிக் கேஸ்கள் இதிலேயே எழுந்துவிடும். எண்ணை மட்டும் இரண்டு முறை பாருங்கள். தப்பான எண் கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்து பிளேடு முன்னறிவிப்பே இல்லாமல் விழும்.

எழவில்லையா? பிளேடை உருவி வெளியே எடுங்கள். அதன் பின்பக்கக் கனெக்டரையும், ஸ்லாட்டின் உள்ளே மிட்பிளேன் கனெக்டரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாவிட்டால் போன் கேமராவை உள்ளே நீட்டிப் பெரிதாக்கிப் படம் எடுங்கள். வரிசை தப்பிய பின் (கனெக்டரின் ஊசி), நசுங்கிய பிளாஸ்டிக் விளிம்பு, உள்ளே கிடக்கும் ஸ்க்ரூ அல்லது லேபிள் துண்டு, இவைதான் தேட வேண்டியவை. பழைய சேஸி என்பதால் கூடுதல் கவனம் தேவை. லாரியில் வந்த சேஸிக்குள் என்னென்னவோ கிடக்கும்.

இதைச் செய்யாமல் நல்ல பிளேடு ஒன்றை 5-இல் செருகிப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. வளைந்த அந்த ஊசி நல்ல பிளேடின் கனெக்டரைக் கெடுக்கும். அந்த பிளேடை அடுத்த ஸ்லாட்டில் போட்டால் அதையும் கெடுக்கும். ஒரு ஸ்லாட்டில் தொடங்கிய வியாதி சேஸி முழுக்கப் பரவுவது இப்படித்தான்.

இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். பிளேடுகளின் நெட்வொர்க் முகவரிகளைச் சேஸியிலிருந்தே கொடுக்கும் விர்ச்சுவல் கனெக்ட் மாட்யூல் வைத்திருந்தால் ஓர் எச்சரிக்கை: மேக் முகவரியும் ஸ்டோரேஜ் முகவரியும் ஸ்லாட்டுக்கான ப்ரொஃபைலில் இருக்கும், பிளேடில் இருக்காது. பிளேடு நகர்ந்தால் அவை கூடவே வராது. வேறு பிளேடின் டிஸ்க்கில் போய் பூட் ஆகும் விபரீதமும் நடக்கலாம். இரண்டு பிளேடுகளையும் அணைத்து, ப்ரொஃபைலைக் கழற்றி வைத்துவிட்டு மாற்றுங்கள்.

5-ஆம் ஸ்லாட் பிளேடு வேறு ஸ்லாட்டிலும் எழவில்லை என்றால் பழுது பிளேடில். பிளேடில் கூடுதலாகச் செருகிய மெஸனைன் கார்டுகளைக் கழற்றி, ஒரு பிராசஸர், அதன் முதல் சாக்கெட்டில் ஒரு மெமரி என்ற அளவுக்குக் குறைத்து ஆன் செய்யுங்கள். எழுந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் படுக்கிறதோ அதுதான் குற்றவாளி. இந்த அளவிலும் எழாவிட்டால் மதர்போர்டு.

மாறாக, நல்ல பிளேடும் 5-இல் எழவில்லை, பின்களும் நேராக இருக்கின்றன என்றால் மிட்பிளேனுக்கு முன் இன்னொரு சந்தேகம் பாக்கி. ஸ்லாட்டில் பிளேடு இருக்கிறதா என்று பார்த்து பவர் அனுமதி தருவது ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டர். இரண்டு இருந்தால் மாற்று மாட்யூலுக்குப் பொறுப்பைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். அதிலும் அதே கதை என்றால்தான் மிட்பிளேன். அதை மாற்ற சேஸியில் உள்ள அத்தனையையும் அணைத்து உருவ வேண்டும். அத்தனைக்குப் பதிலாக 5-ஐ மூடிவிட்டு 15 ஸ்லாட்டோடு லேபை ஓட்டலாம். எங்கள் யோசனை அதுதான்.

கேள்வி: 6 பவர் சப்ளை இருக்கிறது. 12 பிளேடு ஓடுகிறது. 13-ஆவதைப் போட்டால் 'பவர் போதவில்லை' என்று மறுக்கிறது. உண்மையில் ஓடும் லோடு 3000 வாட்தான். சேஸி பொய் சொல்கிறதா?
— வாசகர், ராணிப்பேட்டை சிப்காட்

பதில்: பொய் சொல்லவில்லை. அது போடும் கணக்கு வேறு. நீங்கள் பார்ப்பது இப்போது ஓடும் லோடு. சேஸி பார்ப்பது, எல்லா பிளேடும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனால், அதுவும் கரண்ட்டில் ஒரு பக்கம் செத்துப்போன நிலையில், தாங்குமா என்பதை.

2400 வாட் சப்ளை 6 என்றால் மொத்தம் 14,400. ஆனால் சப்ளைகளைப் பாதிப் பாதியாக இரண்டு மின்வழியில் பிரிக்கும் இரு பக்கக் காப்பு முறையில் பாதிதான் கணக்கு: 7200. உங்களிடம் 12-லேயே நிற்கிறது என்றால் ஆறில் ஒன்று வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கிறோம். ஒரு பக்கம் 3, மறுபக்கம் 2 என்றானால், பலவீனமான பக்கத்தை வைத்து 4800-க்கு மேல் உத்தரவாதம் தர முடியாது. ஃபேனுக்கும் சுவிட்சுக்கும் 1000, பிளேடுக்கு 300 வீதம் 12-க்கு 3600 என்று வைத்துக்கொண்டால் 4600 வந்துவிட்டது. 13-ஆவதுக்கு இடம் எங்கே?

சப்ளையின் முகப்பைப் பாருங்கள். பச்சை எரிந்தால் நலம். பச்சை அணைந்து ஆம்பர் எரிந்தால் சப்ளையே கெட்டது. இரண்டுமே எரியவில்லை என்றால் கரண்ட் வரவில்லை: சப்ளையைக் குறை சொல்லாமல் கேபிள், சாக்கெட், எம்சிபி என்று பின்னோக்கிப் போங்கள். தடித்த 16 ஆம்ப் கேபிள் பாதி செருகிய நிலையில் தொங்குவது அடிக்கடி காணும் காட்சி.

கேபிள் பிரிப்பையும் சரிபாருங்கள். 1, 2, 3 ஒரு யூபிஎஸ்ஸிலும் 4, 5, 6 மற்றொன்றிலும் இருக்க வேண்டும். எங்கே பிளக் பாயின்ட் கிட்டே இருந்ததோ அங்கே செருகியிருந்தால் காப்பு என்பது காகிதத்தில் மட்டும். இன்னொன்று: இரண்டு யூபிஎஸ்ஸும் 60 சதவீத லோடில் ஓடினால், ஒன்று போனதும் மற்றதன் தலையில் 120 விழும், அதுவும் ட்ரிப் ஆகும். ஒவ்வொன்றும் 50-க்குக் கீழே இருந்தால்தான் காப்பு. 7200 வாட் முழு லோடில், 90 சதவீதத் திறன் என்று கொண்டால், 8000 வாட் உள்ளே போக வேண்டும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 35 ஆம்ப். ஒரு பக்க வயரிங் இத்தனையையும் தனியாகத் தாங்க வேண்டும்.

தொழிற்பேட்டை என்பதால் வோல்டேஜையும் அளந்துவிடுங்கள். இந்த சப்ளைகள் 200 முதல் 240 வோல்ட்டுக்கானவை. வோல்டேஜ் குறையக் குறைய அதே வாட்டை எடுக்க ஆம்ப் கூடும்: முழு லோடில் ஒரு சப்ளை 230-இல் இழுப்பது சுமார் 11.6 ஆம்ப், 200-இல் 13.3. மாலையில் மட்டும் எம்சிபி விழுவதன் ரகசியம் இது. லோடு ஓடும்போதே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நியூட்ரல் ஜாயின்ட்டை எலக்ட்ரீஷியனை விட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். த்ரீ பேஸில் நியூட்ரல் விட்டுப்போனால் லோடு குறைந்த பேஸில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறும். ஒரே நொடியில் பல சப்ளைகள் சேர்ந்து போவது பெரும்பாலும் அப்படித்தான்.

காப்பு முறையை 'எதுவும் வேண்டாம்' என்று மாற்றினால் 13-ஆவது உடனே எழும். லேபுக்குச் சரி. சம்பளக் கணக்கும் பில்லிங்கும் ஓடும் இடத்தில் செய்யாதீர்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகம் டேனரிக்குப் பக்கத்தில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பிளேடில் மெமரி எரர் வருகிறது; இல்லையென்றால் நெட்வொர்க் விட்டுவிட்டு வருகிறது. மெமரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிறது. சில வாரத்தில் மறுபடியும் வருகிறது. மழைக்காலத்தில் அதிகம். எந்த பிராண்ட் மெமரி வாங்கலாம்?
— வாசகர், ஆம்பூர்

பதில்: எந்த பிராண்ட் வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும். உங்கள் பிரச்சினை காற்றில் இருக்கிறது.

தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். காரத்தன்மை இருக்கும்வரை அது தண்ணீரிலேயே கிடக்கும். அந்தக் கழிவு நீரோடு அமிலம் கலந்த பிக்கிள் நீரோ குரோம் நீரோ சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். வெள்ளிக் கொலுசும் செப்புக் குடமும் கறுத்துப்போவதை உங்கள் ஊரில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். மதர்போர்டிலும் வெள்ளியும் செம்பும் இருக்கின்றன.

மெமரியின் விரல் போன்ற தொடுமுனைகளில் நிக்கல் மேல் மெல்லிய தங்கப் பூச்சு உண்டு. தங்கத்தை வாயு ஒன்றும் செய்யாது. ஆனால் பூச்சிலுள்ள நுண்துளைகள் வழியாகவும் விளிம்புகளிலும் அடியிலுள்ள செம்பு அரித்து, சல்ஃபைடாக மேலே ஊர்ந்து வரும். தொடுமுனையில் மெல்லிய படலம் படியும், தடை கூடும், வேகமாக ஓடும் சிக்னல் பிழைபடும். கழற்றி மாட்டும்போது உலோகம் உலோகத்தை உரசிப் படலம் கிழிகிறது. அதனால் சரியாகிறது. சில வாரத்தில் படலம் மறுபடி வளர்கிறது. கழற்றி மாட்டியதும் சரியாகிப் பிறகு திரும்பி வரும் எந்தப் பழுதிலும் முதலில் தொடுமுனையைச் சந்தேகியுங்கள், சிப்பை அல்ல.

ஐப்பசி, கார்த்திகையில் அதிகம் வருவதற்குக் காரணம் ஈரம். ஈரம் கூடினால் அரிப்பின் வேகமும் கூடும்.

இதைவிட மோசமானது சிப் ரெசிஸ்டர்களில் நடப்பது. எள்ளைவிடச் சிறிய அந்த ரெசிஸ்டர்களின் இரு முனையிலும் உள்ளே வெள்ளி உண்டு. மேல்பூச்சின் இடுக்கில் வாயு புகுந்து வெள்ளியைச் சல்ஃபைடாக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் முனையோரம் கறுப்பு முள் முள்ளாகத் தெரியும். ஒரு நாள் இணைப்பே அறுந்துவிடும். அதற்குப் பிறகு துடைத்துப் பயனில்லை, போர்டே போச்சு. ஐரோப்பாவில் 2006-இல் ஈயத்தடை வந்தபின் பல போர்டுகள் வெள்ளிப் பூச்சுக்கு மாறின. கந்தகக் காற்றில் அரிக்கும் தொல்லை அதிகமானதும் அதற்குப் பிறகுதான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். பிளேடை அணைத்து வெளியே எடுங்கள். எர்த் செய்த மணிக்கட்டுப் பட்டை அணிந்து மெமரி, மெஸனைன் கார்டு முனைகளை 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் ஒரே திசையில் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 சதவீதம், மிச்சம் தண்ணீர். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டு வாங்குங்கள். ரப்பர் போட்டுத் தேய்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அழுக்கோடு தங்கமும் போகும். அடுத்த முறை அரிப்பு இன்னும் சீக்கிரம் வரும். சேஸியின் கனெக்டர்களில் துணி, குச்சி எதையும் நுழைக்க வேண்டாம்.

துடைப்பது தற்காலிகம்தான். அறையைச் சரி செய்யுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் கழற்றி ஓட்டையை அடையுங்கள். அது அறைக் காற்றை வெளியே தள்ளத் தள்ள, கதவிடுக்கு வழியாக டேனரிக் காற்று உள்ளே வரும். ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுழற்றுவதால் தொல்லை இல்லை; ஆனால் அதன் வலை ஃபில்டர் தூசியைத்தான் நிறுத்தும், வாயுவை நிறுத்தாது. வாயுவுக்கு ஆக்டிவேட்டட் கார்பனும், பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊறிய அலுமினா குருணையும் போட்ட ஃபில்டர் யூனிட் தனியாக வேண்டும். குருணை தீர்ந்தால் மாற்ற வேண்டும். அதை மறந்தால் யூனிட் வெறும் ஃபேன். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

நிர்வாகம் காசு தர யோசித்தால் அளந்து காட்டுங்கள். பளபளப்பாக்கிய செப்புத் தகடும் வெள்ளித் தகடும் சர்வர் அறையில் 30 நாள் தொங்கவிட்டு, படிந்த அரிப்பின் தடிமனை ஆய்வகத்தில் அளப்பது வழக்கம். மாதத்துக்குச் செம்பில் 300 ஆங்ஸ்ட்ராமுக்கும் வெள்ளியில் 200-க்கும் கீழே இருந்தால்தான் எலக்ட்ரானிக்ஸுக்கு ஏற்ற, ஜி1 தரக் காற்று. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அந்த அளவு படலமே இத்தனை பாடு படுத்துகிறது.

கேள்வி: மே மாதம் வந்தால் சேஸியின் ஃபேன்கள் எல்லாம் விமானம் கிளம்புவதுபோல் கத்துகின்றன. ஏசி 20-இல்தான் வைத்திருக்கிறோம். ஃபேனை மாற்ற வேண்டுமா?
— வாசகர், சத்துவாச்சாரி

பதில்: எல்லா ஃபேனும் சேர்ந்து கத்தினால் ஃபேனில் பழுதில்லை. கெட்ட ஃபேன் என்றால் ஒன்றுக்கு மட்டும் ஆம்பர் எரியும்.

ஏசி ரிமோட்டில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். ரேக்கின் முன்பக்கம், அடி, நடு, உச்சி என மூன்று இடத்தில் தெர்மாமீட்டர் வையுங்கள். உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அடியில் 22, உச்சியில் 33 என்று காட்டினால், பின்பக்கச் சூடு ரேக்கின் காலி இடங்கள் வழியாக முன்னுக்குத் திரும்புகிறது. காலி இடங்களைத் தகடு போட்டு மூடுங்கள். பிளேடு இல்லாத ஸ்லாட்டிலும் அதற்குரிய மூடி கட்டாயம். ஏசி குளிர்காற்று ரேக்கின் பின்னால் விழும்படி மாட்டியிருப்பதும் நம் பக்கத்தில் சகஜம்; குளிர் முன்னால்தான் விழ வேண்டும்.

ஃபேன் எண்ணிக்கைக்கும் கணக்கு உண்டு. சி7000-இல் 4 ஃபேன் என்றால் 2 பிளேடு வரைதான், 6 என்றால் 8 வரை, 8 என்றால் 16. பத்தும் போட்டுவிட்டால் ஒவ்வொன்றும் மெதுவாக ஓடினாலே போதும், சத்தமும் குறையும். நான்கு போடுவதானால் 4, 5, 9, 10 ஆகிய இடங்களில் போட வேண்டும். இஷ்டத்துக்குப் போட்டால் ஏற்காது.

ஏசி அளவு: 4000 வாட் லோடு என்றால் மணிக்கு ஏறக்குறைய 13,650 பிடியு (வெப்ப அளவு) சூடு. ஒரு டன் 12,000. வேலூர் கத்திரி வெயிலில் சுவர், கூரைச் சூடும் சேரும். ஒன்றரை டன் இரண்டு வைத்து, ஒன்று நின்றாலும் மற்றது ஓடும்படி வையுங்கள். கரண்ட் போகும்போது சர்வர் யூபிஎஸ்ஸில் ஓடும், ஏசி நின்றுவிடும். ஜெனரேட்டர் வந்தபின் ஏசி தானாக ஓடத் தொடங்குகிறதா என்று ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

கேள்வி: 16 பிளேடிலும் ஒரே நேரத்தில் முதல் நெட்வொர்க் போர்ட் மட்டும் போய்விட்டது.
— வாசகர், குடியாத்தம்

பதில்: சந்தேகிக்க வேண்டியது பின்பக்கம் 1-ஆம் இன்டர்கனெக்ட், அதாவது பின்னால் செருகும் சுவிட்ச் மாட்யூல். அரை உயர பிளேடில் (சேஸியில் 16 கொள்ளும் வகை) முதல் போர்ட் அதற்கும் இரண்டாவது 2-க்கும் போகிறது. முதல் மெஸனைன் 3, 4-க்கும், இரண்டாவது மெஸனைன் 5 முதல் 8 வரைக்கும். எல்லா பிளேடிலும் ஒரே போர்ட் போனால் அந்த இன்டர்கனெக்ட்டையோ அதிலிருந்து வெளி நெட்வொர்க்குக்குப் போகும் அப்லிங்க் கேபிளையோ பாருங்கள். ஒரே பிளேடில் எல்லாம் போனால் அந்த பிளேடு. ஒரே பிளேடில் ஒரே போர்ட் என்றால் கார்டு, கனெக்டர், பின்.

கேள்வி: ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டர் உறைந்துவிட்டது. உருவி மாட்டினால் பிளேடெல்லாம் நின்றுவிடுமா?
— வாசகர், ஆரணி

பதில்: நிற்காது. ஓடும் பிளேடு ஓடிக்கொண்டே இருக்கும். அது இல்லாத நேரத்தில் ஃபேன் சத்தம் ஏறும், புதிதாக எதையும் ஆன் செய்ய முடியாது, அவ்வளவுதான். புதிய மாட்யூல் என்றால் அதில் தொங்கும் அட்டையில் அச்சிட்ட பாஸ்வேர்டைப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு மாட்யூலிலும் ஒரே ஃபர்ம்வேர் இருக்கட்டும்.

கேள்வி: சேஸியைச் சென்னையிலிருந்து கொண்டுவரப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: நிரம்பிய சி7000 200 கிலோவைத் தாண்டும். பிளேடு, பவர் சப்ளை, ஃபேன், இன்டர்கனெக்ட் எல்லாவற்றையும் உருவி, ஸ்லாட் எண்ணை டேப்பில் எழுதி ஒட்டித் தனிப் பெட்டியில் வையுங்கள். பிளேடுகளின் கனெக்டருக்கு பிளாஸ்டிக் மூடி போடுங்கள். காலிச் சேஸியையும் நான்கு பேர் தூக்குங்கள். உள்தடுப்பைப் பிடித்துத் தூக்கினால் வளைந்து, பிறகு பிளேடு கோணலாகத்தான் நுழையும். ரேக்கின் அடித்தட்டில் ஏற்றியதும் முதலில் ஃபேன், பிறகு ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டர், பவர் சப்ளை, கடைசியில் ஒவ்வொரு பிளேடாகப் போட்டு, ஒன்று எழுந்து பச்சை காட்டியபின் அடுத்ததைச் செருகுங்கள்.